அளவு சொல்லிக் கேட்கும் சிப் பைகள்: துணி வெட்டும் கணக்கும் மீற்றர் சிப்பும்

வெள்ளவத்தை_தையல்
எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டிலிருந்து தைப்பவள். சாரி பிளவுஸ், ஃபோல் அடிப்பது, பள்ளிக்கூடச் சீருடை திருத்துவது என்று வேலை ஓடுகிறது. கொஞ்ச நாளாக சிப் பைகளுக்கும் ஓடர் வருகிறது. எல்லாரும் பொருளைக் கையோடு கொண்டுவந்து "இது போகிற மாதிரி ஒன்று தைத்துத் தாங்கள்" என்கிறார்கள். நடன வகுப்புப் பிள்ளையின் அம்மா சலங்கைக்குக் கேட்கிறார். கனடாவுக்குப் போகும் குடும்பம் நான்கு பாஸ்போர்ட்டும் ரிக்கற்றும் ஒன்றாக வைக்கக் கேட்கிறது. ஒருவருக்கு பிரஷர் பார்க்கும் மெசினுக்கு வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் பாட்டர்ன் எல்லாம் அவர்கள் முடிவு செய்த அளவுக்குத்தான் இருக்கிறது. கடையில் வாங்கும் சிப்பும் குறிப்பிட்ட நீளங்களில்தான் வருகிறது. பொருளின் அளவிலிருந்து வெட்ட வேண்டிய துணியின் அளவுக்கு எப்படிப் போவது? சிப்பை நமக்கு வேண்டிய நீளத்துக்கு வெட்டினால் நிற்குமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நூல்கண்டு
தங்கச்சி, நான் கொட்டாஞ்சேனையில் பல வருடமாகப் பை மட்டும் தைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பாட்டர்னை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பையும் உள்ளே போகும் பொருளிலிருந்து தொடங்க வேண்டும். அகலம், உயரம், தடிப்பு, இந்த மூன்றையும் சென்ரிமீற்றரில் எழுதுங்கள். அங்குலத்தில் போனால் அரை, கால், அரைக்கால் என்று கூட்டும்போது எங்கேயோ தவறும்.

பலர் தடிப்பை விட்டுவிடுகிறார்கள். தட்டையான பை என்றாலும் பொருள் உள்ளே போனதும் துணி அதைச் சுற்றி வளைய வேண்டும். முன்பக்கத் துணி ஒரு ஓரத்தில் பாதித் தடிப்பையும் மற்ற ஓரத்தில் பாதித் தடிப்பையும் மூடுகிறது. பின்பக்கத் துணியும் அப்படியே. ஆகவே தைத்து முடித்த பையின் அகலம் = பொருளின் அகலம் + தடிப்பு + கை போய் வர 1 முதல் 1.5 செ.மீ. உயரத்துக்கும் இதே கணக்கு.

உங்கள் பாஸ்போர்ட் ஓடரையே எடுப்போம். பாஸ்போர்ட் என்பது உலகம் முழுக்க ஒரே அளவு, 12.5 க்கு 8.8 செ.மீ. நான்கையும் ரிக்கற்றோடு அடுக்கி அளந்தால் தடிப்பு 2 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். அகலம் 12.5 + 2 + 1.5 = 16. உயரம் 8.8 + 2 + 1.2 = 12. இது முடித்த அளவு. தையலுக்குச் சுற்றிவர 1 செ.மீ விட்டால் வெட்டும் அளவு 18 க்கு 14. வெளித் துணி இரண்டு, லைனிங் இரண்டு.

மற்றது, பை போதுமா என்று பார்ப்பதோடு விடாமல் வாய் போதுமா என்றும் பாருங்கள். சிப்பின் இரண்டு முனையிலும் கொஞ்சம் மூடித்தான் இருக்கும், சிப்பின் தலையும் (பிடித்து இழுத்துத் திறந்து மூடும் பகுதி) ஒரு சென்ரிமீற்றர் இடம் பிடிக்கும். 16 செ.மீ அகலப் பையில் உண்மையில் திறக்கிற வாய் 13 அளவுதான். 12.5 பாஸ்போர்ட் போகும். 1.5 செ.மீக்குப் பதிலாக அரை செ.மீ மட்டும் விட்டிருந்தால் பைக்குள் இடம் இருக்கும், ஆனால் பொருள் வாயால் நுழையாது. வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும் பைகளில் பாதி இப்படிப்பட்டவைதான்.

வெள்ளவத்தை_தையல்
வாயின் அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நன்றி அக்கா. அப்ப சிப்பின் நீளத்தை எப்படி முடிவு செய்வது? 16 செ.மீ பைக்கு 16 செ.மீ சிப்பா, வெட்டும் அளவான 18 ஆ?

மாளிகாவத்தை_நானா
சகோதரி, சிப் விஷயத்தை நான் சொல்கிறேன். பை செய்யும் பட்டறையில்தான் என் வேலை.

நீளம் பார்த்து வாங்குவதை விட்டு மீற்றர் கணக்கில் சிப் வாங்குங்கள். தலைகளைத் தனியாக எண்ணிக் கொடுப்பார்கள். புறக்கோட்டையில் கெய்சர் வீதி, இரண்டாம் குறுக்குத் தெரு பக்கம் தையல் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று நம்பர். 3 நம்பர், 5 நம்பர் என்பது மூடிய பல்லின் அகலம் ஏறக்குறைய எத்தனை மில்லிமீற்றர் என்பதுதான். சில்லறை, பேனை, பாஸ்போர்ட் வைக்கிற பைக்கு 3 போதும். சலங்கை மாதிரி பாரமான சாமானுக்கு 5 போடுங்கள். இரண்டாவது, தலையும் அதே நம்பராக, அதே வகையாக இருக்க வேண்டும். நைலோன் சிப்பின் தலையும் அச்சில் வார்த்த பிளாஸ்ரிக் பல் சிப்பின் தலையும் பார்க்க ஒரே மாதிரித்தான், ஆனால் மாற்றிப் போட்டால் ஓடாது, ஓடினாலும் நடுவில் பிளக்கும். கடையிலேயே ஒரு துண்டில் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அளவுக்கு வெட்டித் தைக்கிறவர்களுக்கு நைலோன் சிப்தான் சரி. அது ஒரே நைலோன் கம்பியைச் சுருளாகச் சுற்றி நாடாவில் தைத்தது. சாதாரணக் கத்தரிக்கோலால் எங்கேயும் வெட்டலாம், மேலே மெசினால் தைக்கலாம். மெட்டல் சிப்பை வெட்டினால் அந்த இடத்துப் பல்லைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பல் மேல் தையல் ஏறினால் ஊசி உடைந்து முகத்துக்கு வரும். அதோடு நீங்கள் வெள்ளவத்தை, கடல் காற்று. இரும்புத் தலை துருப்பிடிக்கும், பித்தளை பச்சை ஏறும்.

தலை போடும் முறை: வெட்டிய சிப்பின் ஒரு முனையில் பல்லை இரண்டு சென்ரிமீற்றர் பிரியுங்கள். தலைக்கு ஒரு பக்கம் ஒற்றை வாய், மறுபக்கம் நடுவில் தடுப்போடு இரட்டை வாய். பிரித்த இரண்டு நுனியையும் ஒற்றை வாய்ப் பக்கத்தால் விட்டு, ஒவ்வொன்றும் தன் வாயால் வெளியே வரும்படி செய்து, இரண்டையும் சமமாகப் பிடித்து இழுங்கள். ஒரு பக்கம் ஒரு பல் முந்தினாலும் சிப் மூடும்போது முனை ஏற்ற இறக்கமாக நிற்கும். அப்படி வந்தால் அதோடு தைக்கப் போகாமல் கழற்றி மறுபடி போடுங்கள்.

தெஹிவளை_டீச்சர்
நானா சொல்வது சரி, ஆனால் ஒன்றிரண்டு பை தைக்கிறவருக்கு நான் மீற்றர் சிப்பைச் சொல்லமாட்டேன். தலை போடுவதிலேயே மனம் சலித்துவிடும். நான் தையல் படிப்பிக்கும் பிள்ளைகளுக்கு வேண்டியதைவிட நீளமான சாதாரண நைலோன் சிப்பை வாங்கச் சொல்வேன். தலையை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு வாலை வெட்டினால் போதும். வெட்டிய இடத்தில் கையால் நாலைந்து தரம் பல்லைச் சுற்றித் தைத்து முடிச்சுப் போட்டால் அதுவே பூட்டு. மெசினில் என்றால் சிக்சாக் போட்டு ஒரே இடத்தில் அடிக்கலாம். வெட்டும் முன் தலை துண்டின் உள்பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்வேன்.

மாளிகாவத்தை_நானா
டீச்சர், ஒன்றிரண்டுக்கு அது நல்ல வழிதான். ஆனால் சகோதரி ஓடர் எடுக்கிறார். ஒரு நாள் 11 செ.மீ, அடுத்த நாள் 34 செ.மீ. ஒவ்வொன்றுக்கும் நீளமான சிப் வாங்கி வாலை வெட்டி எறிந்தால் காசும் போகும், வேண்டிய நிறமும் கிடைக்காது. மீற்றர் சிப்பில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் மூன்றும் வைத்திருந்தால் எந்தத் துணிக்கும் பொருந்தும்.

தெஹிவளை_டீச்சர்
ஓடர் என்றால் ஒத்துக்கொள்கிறேன் நானா. நீளக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

சிப்பை முடித்த அகலத்துக்கே வெட்டுங்கள். 16 செ.மீ பைக்கு 16. இரண்டு முனையிலும் சிறிய துணித் துண்டு ஒன்றை மடித்துப் போர்த்தித் தையுங்கள். அது சிப்பின் மேல் 1 செ.மீ ஏறியிருக்கட்டும், வெளியே 1 செ.மீ நீளட்டும். இப்போது மொத்தம் 18, வெட்டிய துணியின் அகலத்துக்குச் சரியாக வருகிறது. பக்கத் தையல் துணி மேல்தான் போகும், சிப்பின் பல் அதில் மாட்டாது. பையைப் புரட்டினால் மேல் மூலைகள் இரண்டும் கூர்மையாக நிற்கும். சிப்பை ஓரம் வரைக்கும் விட்டுத் தைத்த பைகளில் அந்த மூலை உருண்டு உள்ளே இழுபட்டு இருக்கும். பார்த்த உடனே தெரியும்.

மட்டக்குளி_புதியவர்
நல்ல இழை. இடையில் ஒன்று கேட்கலாமா? அடி வைத்த பை, நிற்கிற மாதிரி. ஒரு பாட்டர்ன் மூலைச் சதுரத்தைத் துணியின் ஓரத்திலிருந்து அளந்து வெட்டச் சொல்கிறது. இன்னொன்று தையல் கோட்டிலிருந்து அளக்கச் சொல்கிறது. இரண்டும் அடியின் பாதி அளவுதான். எது சரி?

நூல்கண்டு
இரண்டும் சரி. ஆனால் ஒன்றின் பாதியையும் மற்றதன் பாதியையும் கலந்தால் பிழைக்கும். சலங்கைப் பையை வைத்தே சொல்கிறேன், வெள்ளவத்தைத் தங்கச்சிக்கும் அது வேண்டும்.

ஒரு ஜோடி சலங்கையைச் சுருட்டி வைத்து அளந்தால் நீளம் 18, அகலம் 9, உயரம் 12 வருகிறது என்று வைப்போம். பையின் உள்ளளவு நீளம் 20, அடி 10, உயரம் 14 என்று முடிவு செய்கிறேன். வெட்டும் அகலம் = நீளம் + அடி + தையலுக்கு 2, அதாவது 32. வெட்டும் உயரம் = உயரம் + அடியின் பாதி + தையலுக்கு 2, அதாவது 21. ஏன் பாதி? அடியின் ஒரு பாதி முன் துணியிலிருந்தும் மறு பாதி பின் துணியிலிருந்தும் வருகிறது.

இனி மூலை. முதல் முறை: தைக்கும் முன்பே துணியின் ஓரத்திலிருந்து 5 க்கு 5 சதுரம் வெட்டி எடுத்துவிடுவது. பிறகு பக்கம், அடி எல்லாம் 1 செ.மீ விட்டுத் தைத்து, மூலையை விரித்து அதையும் 1 செ.மீ விட்டுத் தைப்பது. அடி சரியாக 10 வரும். இரண்டாவது முறை: எதையும் வெட்டாமல் பக்கமும் அடியும் தைத்துவிட்டு, மூலையை முக்கோணமாக இழுத்து, தையல் கோட்டிலிருந்து 5 செ.மீயில் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே தைப்பது. இதிலும் 10 வரும்.

தையல் கோட்டிலிருந்து 5 அளந்து, அந்தக் கோட்டில் வெட்டிவிட்டு, பிறகு 1 செ.மீ உள்ளே தைத்தால் தையல் 6 செ.மீக்குப் போய்விடும். அடி 12 ஆகும், நீளம் 18 ஆகக் குறையும், உயரமும் 13 ஆகும். 18 செ.மீ சலங்கை 18 செ.மீ பைக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே ஓரத்திலிருந்து அளந்தால் முதலில் வெட்டு. கோட்டிலிருந்து அளந்தால் கோட்டிலேயே தை, பிறகு வெட்டு.

மட்டக்குளி_புதியவர்
இப்போது விளங்குகிறது அக்கா. நான் வைத்திருக்கும் பாட்டர்ன் இரண்டையும் கலந்துதான் எழுதியிருக்கிறது. அடியில் ஏன் 2 செ.மீ கூடுகிறது என்பது தெரிந்துவிட்டது.

வெள்ளவத்தை_தையல்
அக்கா, இந்தப் பையின் மேல்பக்கம் எப்படி இருக்கும்? அடி 20 நீளம். ஆனால் மேலே வெட்டிய அகலம் அப்படியே இருக்கிறதே.

நூல்கண்டு
சரியாகப் பிடித்தீர்கள். மேலே சிப் வரும் இடம் 30 செ.மீ இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் கீழே அகன்று மேலே கூர்ந்து நிற்கும். ஒப்பனைச் சாமான், மருந்து வைக்கிற பைகள் அநேகமாக இப்படித்தான். வாய் பெரிதாகத் திறக்கும் என்பது இதில் நன்மை. சலங்கைக்கு இதையே சொல்வேன். பிள்ளை வகுப்பு முடிந்து அவசரத்தில் திணிக்கும்போது வாய் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் மேலே கூரும்போது இடம் சுருங்கும். பொருளின் மேல்பக்கம் சதுரமாக இருந்தால் உயரத்தை இன்னும் 2, 3 செ.மீ கூட்டுங்கள்.

முழுப் பெட்டி வடிவம் வேண்டுமென்றால் மேல் மூலைகளையும் அதே மாதிரி வெட்ட வேண்டும். அப்போது வெட்டும் உயரம் = உயரம் + முழு அடி + 2. சலங்கைக்கு 26. சிப் மேல்மூடியின் நடுவில் ஓடி இரண்டு பக்கமும் கீழே மடிந்து இறங்கும். பிரஷர் மெசின் பெட்டி மாதிரி இருந்தால் இதுதான் பொருத்தம். மேல் மூலைத் தையல் சிப்பைக் குறுக்கே கடக்கும், அதனால் இதற்கு மெட்டல் சிப் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம். 3 நம்பர் சிப்பின் நாடா இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 2.5 செ.மீ அகலம். 6 மில்லிமீற்றர் விட்டுத் தைத்தால் ஒவ்வொரு பக்கமும் 6 மில்லிமீற்றர் வெளியே தெரியும். அதாவது பையின் உயரம் சிப்பாலேயே அரை செ.மீக்குக் கொஞ்சம் மேலே கூடும். சிப் பக்கம் 1 செ.மீ விடாமல் 6 மில்லிமீற்றர் விட்டால் அங்கேயும் 4 மில்லிமீற்றர் கூடும். சாதாரணமாக இதைக் கவனிக்கத் தேவையில்லை. பொருள் ஆடாமல் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும் மொத்தமாக 1 செ.மீ குறைத்து வெட்டுங்கள்.

பம்பலப்பிட்டி_கைத்தறி
துணியைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். நான் கைத்தறித் துணியில் மட்டும் தைக்கிறேன். மருதமுனைத் துணி பைக்கு அருமையாக நிற்கும். கரையைச் சிப்புக்குக் கீழே வருகிற மாதிரி வெட்டினால் வேறு அலங்காரமே வேண்டாம். ஆனால் வெட்டும் முன் கட்டாயம் தண்ணீரில் போட்டுக் காயவைத்து அயன் பண்ணுங்கள். கைத்தறி சுருங்கும், லைனிங் சுருங்காது. முதல் கழுவலிலேயே வெளித் துணி இறுகி லைனிங் உள்ளே தொங்கும். அளவு பார்த்துத் தைத்த பைக்கு அதைவிடக் கேடு இல்லை.

நேர்நூல் பார்த்து, அதாவது நெசவு நூல் ஓடும் திசையிலேயே வெட்டுங்கள். சாய்வாக வெட்டிய துண்டு சிப்போடு தைக்கும்போது நீளும், சிப் நீளாது. கடைசியில் சிப் அலை அலையாக நிற்கும்.

தளர்ந்த துணியாக இருந்தால் விறைப்புக்காக உள்ளே அயன் பண்ணி ஒட்டும் கன்வஸ் கொடுங்கள். ஆனால் கன்வஸை வெட்டும் அளவுக்கு வெட்டாமல் முடித்த அளவுக்கு வெட்டுங்கள். தையலுக்கு விட்ட 1 செ.மீயில் கன்வஸ் இருந்தால் மூலை தடித்துப் புரட்ட வராது.

வெள்ளவத்தை_தையல்
சலங்கைக்கு ரெக்சின் கேட்கிறார்கள். துடைக்கலாம் என்று. நல்லதா?

பம்பலப்பிட்டி_கைத்தறி
நான் வேண்டாம் என்பேன். மென்மையாகத் தோல் மாதிரி இருக்கும் ரெக்சின் அநேகமாக பொலியூரித்தேன் பூசிய துணி. சூடும் ஈரப்பதனும் சேர்ந்தால் அந்தப் பூச்சு தானாகவே உடையும். கொழும்பு வெக்கைக்கு அது பாவிக்காமல் அலுமாரியில் இருந்தாலும் செதில் செதிலாக உரியும். பி.வி.சி வகை அப்படி உரியாது, ஆனால் விறைப்பு. இரண்டிலும் காற்றுப் போகாது. வியர்வை ஊறிய சலங்கையின் பட்டியை மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தடித்த கொட்டன் கன்வஸோ டெனிமோ நல்லது. கழுவவும் முடியும்.

மாளிகாவத்தை_நானா
ரெக்சின் தைத்தே ஆக வேண்டும் என்றால் குண்டூசி குத்தாதீர்கள், ஓட்டை நின்றுவிடும். கிளிப் போடுங்கள். தையலை 3 மில்லிமீற்றருக்கு மேல் நீட்டுங்கள். நெருக்கமாக அடித்தால் தபால் முத்திரைத் தாள் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும்.

மட்டக்குளி_புதியவர்
லைனிங் போட்டுச் சிப் தைக்கும் ஒழுங்கை யாராவது ஒருமுறை எழுதுவீர்களா? ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு மாதிரி.

தெஹிவளை_டீச்சர்
எழுதுகிறேன். வெளித் துணியை நல்ல பக்கம் மேலே வரும்படி வையுங்கள். அதன் மேல் சிப்பை முகம் கீழே பார்க்க, ஓரத்துக்கு ஓரம். அதன் மேல் லைனிங் நல்ல பக்கம் கீழே பார்க்க. மூன்றையும் சேர்த்து, மெசினில் சிப் தைக்கும் ஒற்றைக் காலை (துணியை அழுத்திப் பிடிக்கும் பகுதி) போட்டு 6 மில்லிமீற்றரில் தையுங்கள். தலைக்குக் கிட்ட வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, காலைத் தூக்கி, தலையைப் பின்னால் தள்ளிவிட்டுத் தொடருங்கள். தலையைச் சுற்றிக்கொண்டு தைத்தால் அந்த இடத்தில் கோடு வளையும், வெளியே தெரியும்.

பிறகு இரண்டு துணியையும் சிப்பிலிருந்து விலக்கி மடித்து அயன் பண்ணுங்கள். அயனின் சூடு சிப்பின் பல்லில் படக்கூடாது, நைலோன் இளகும். மடித்த ஓரத்தில் 2 மில்லிமீற்றரில் மேல்தையல் ஒன்று ஓடுங்கள். சிலர் இதை அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். அலங்காரத்துக்கு இல்லை. இந்தத் தையல் இல்லாவிட்டால் லைனிங் சிப்புக்குள் ஏறித் தலையில் மாட்டும், பாவிக்கிறவர் கோபத்தில் இழுப்பார், சிப் போய்விடும்.

மறு பக்கமும் இப்படியே. பிறகு சிப்பைப் பாதிக்கு மேல் திறந்து வையுங்கள். மூடியிருந்தால் கடைசியில் பையைப் புரட்ட முடியாது. வெளித் துணியோடு வெளித் துணி, லைனிங்கோடு லைனிங் சேர்த்துச் சுற்றித் தைக்கும்போது சிப்பின் பல் லைனிங் பக்கம் மடியும்படி பிடியுங்கள். லைனிங்கின் அடியில் 8, 10 செ.மீ தைக்காமல் விட வேண்டும், அந்த வழியாகத்தான் புரட்டுவது. லைனிங் சுற்றளவை 2, 3 மில்லிமீற்றர் கூடுதலாக உள்ளே பிடித்துத் தைத்தால் அது வெளிப் பையைவிடக் கொஞ்சம் சிறிதாகி, உள்ளே சுருக்கம் இல்லாமல் ஒட்டி நிற்கும்.

ஊசி, கொட்டன் கன்வஸ் என்றால் 14, டெனிம் என்றால் 16. பிளவுஸ் தைக்கும் 11 நம்பர் ஊசியோடு சலங்கைப் பையைத் தொடாதீர்கள் வெள்ளவத்தைத் தங்கச்சி.

வெள்ளவத்தை_தையல்
சரி டீச்சர், 16 வாங்கி வைக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. வை.கே.கே. என்று எழுதிய சிப்தான் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள், அது என்ன அவ்வளவு விசேஷம்? மற்றது விலை. அளவு மாற மாற எப்படி விலை சொல்வது?

மாளிகாவத்தை_நானா
அது ஜப்பான் கம்பனி, தடாவோ யொஷிடா 1934ல் தொடங்கியது. அந்த மூன்று எழுத்தும் கம்பனியின் ஜப்பான் பெயரின் முதல் எழுத்துகள். நல்ல சரக்குத்தான், சந்தேகமில்லை. ஆனால் தலையில் எழுத்து இருக்கிறது என்பதற்காக நம்பாதீர்கள், அந்த எழுத்தைப் போட்ட போலியும் சந்தையில் இருக்கிறது. என்ன பெயராக இருந்தாலும் சிப்பை மூடி, குறுக்கே வளைத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். பல் விலகினால் வைத்துவிட்டு வாருங்கள்.

நூல்கண்டு
விலைக்கு நான் சொல்கிறேன். துணியின் பரப்பை வைத்து விலை போடாதீர்கள். 12 செ.மீ பைக்கும் 25 செ.மீ பைக்கும் துணிக் காசில் பெரிய வித்தியாசம் இல்லை. வேலை அதே வேலை. சின்னப் பை இன்னும் நுணுக்கம், மூலை புரட்டக் கை போகாது. நான் வடிவத்தை வைத்துத்தான் கூலி சொல்வேன். தட்டைப் பைக்கு ஒன்று, அடி வைத்ததற்கு அதைவிடக் கூட, முழுப் பெட்டிக்கு இன்னும் கூட. துணியும் சிப்பும் அதன் மேல் தனி. இருக்கிற அளவில் தைக்காமல் பொருளை அளந்து கணக்குப் போடுவதற்கும் காசு வாங்குங்கள். அதுவும் வேலைதான். நம் பெண்கள் அந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை, பிறகு இரவு பன்னிரண்டு மணிக்குத் தைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

ஒரே அளவில் நிறையக் கேட்டால்தான் துணிக் கணக்கு முக்கியம். கொட்டன் துணி 112 செ.மீ அகலம் என்றால் கரை போக 110 மிஞ்சும். பாஸ்போர்ட் பையின் துண்டு 18 க்கு 14. அகலத்தில் 6 துண்டு, ஒரு மீற்றர் நீளத்தில் 7 வரிசை. 42 துண்டு, 21 பை. வாடிக்கையாளர் "இன்னும் ஒரு சென்ரிமீற்றர் அகலமாக" என்றால் துண்டு 19 ஆகும், அகலத்தில் 5 தான் வரும். 35 துண்டு, 17 பை. மீற்றருக்கு நாலு பை போய்விட்டது. ஓடரை ஒத்துக்கொள்ளும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, "இந்த அளவானால் விலை குறையும்" என்று சொல்லுங்கள். அநேகமானவர்கள் கேட்பார்கள்.

கிருலப்பனை_நட்டுவாங்கம்
பிந்தி வருகிறேன், மன்னிக்கவும். சலங்கை பற்றிப் பேசியதால் கேட்கிறேன். நடனத்துக்குக் கையில் தட்டும் வெண்கலத் தாளத்துக்கு வட்டமான சிப் பை தைக்க முடியுமா? என் தாளம் குறுக்கே 7 செ.மீ. ஜோடியும் ஒன்றாகப் போக வேண்டும், ஒன்றோடொன்று உரசவும் கூடாது.

நூல்கண்டு
முடியும். வட்டத்தின் முடித்த குறுக்களவு 8 என்று வையுங்கள். தையலுக்கு 1 செ.மீ சுற்றிவர விட்டு, 10 செ.மீ குறுக்களவில் வட்டம் வெட்டுங்கள். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, இரண்டுக்கும் லைனிங். சுற்றிவரும் பட்டிக்கு நீளம் 8 ஐ 3.14 ஆல் பெருக்கினால் 25.1. அதில் 15 செ.மீ சிப் வரும் பகுதி, மிச்சம் 10.1 வெறும் துணி. இரண்டுக்கும் முனைக்கு 1 செ.மீ கூட்டி 17, 12.1 என்று வெட்டி வளையமாக இணையுங்கள். பட்டியின் அகலம் உங்கள் தாள ஜோடியின் தடிப்பைப் பொறுத்தது. உரசாமல் இருக்க நடுவில் வைக்க ஒட்டுக் கன்வஸ் கொடுத்த தனி வட்டம் ஒன்று தைத்துக் கொடுங்கள், பையோடு சேர்க்க வேண்டாம், கயிறு சுற்றி வைக்கவும் உதவும்.

வட்டத்தின் வெட்டிய ஓரத்தை டேப்பால் அளந்து பட்டியை வெட்டாதீர்கள். ஓரத்தின் சுற்றளவு 31.4, தையல் கோட்டின் சுற்றளவு 25.1. ஓரத்தை நம்பினால் பட்டி 6 செ.மீ மிஞ்சும். தைக்கும் முன் பட்டியின் ஓரத்தில் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 7 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சின்ன வெட்டுக் கொடுங்கள், அப்போதுதான் வட்டத்தோடு வளைந்து கொடுக்கும். வட்டத்தையும் பட்டியையும் நாலாக மடித்துக் குறி போட்டு, குறிக்குக் குறி கிளிப் போட்டுவிட்டு, பட்டி மேலே இருக்கும்படி வைத்து மெதுவாகத் தையுங்கள்.

கிருலப்பனை_நட்டுவாங்கம்
சிப் பகுதியும் துணிப் பகுதியும் சேரும் இடத்தில் தடிப்பாக வராதா அக்கா?

நூல்கண்டு
வரும். சிப்பின் முனையை அந்தத் தையலுக்குள் விடாமல், டீச்சர் சொன்ன மாதிரித் துணித் துண்டு போர்த்திவிட்டால் குறையும். தையலைத் துணிப் பகுதியின் பக்கம் மடித்து, அதன் மேல் ஒரு மேல்தையல் ஓடிவிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் மெசின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.